ரொட்டி வாட்டியவர்

ரொட்டியை வாட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. என் வீட்டிலேயே இப்போது ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது. இரண்டு துண்டைச் செருகினால் கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளிவிடும். நான் அதைத் தொடுவதில்லை. காரைக்காலில் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஒரு துண்டு ரொட்டியை வாட்ட அவருக்குக் கால் மணி நேரம் வேண்டும். அந்தத் துண்டு தன் கைக்கு வருவதற்காக என் முதல் மனைவி பிலோமி பசியோடு நாளை எண்ணிக்கொண்டு கிடந்தாள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவரைத் தெருவில் எல்லோரும் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மற்ற சொல்தாக்கள் சாயங்காலமானால் கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து சண்டைக் கதை சொல்வார்கள். இவரிடம் சண்டைக் கதை கிடையாது. சைகோனில் பட்டாளத்து ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இருபது வருஷம் இருந்தவர். துப்பாக்கியைத் துடைத்ததோடு சரி, சுட்டதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆளும் சொல்தா மாதிரி இருக்கமாட்டார். குட்டையாக, தோள் சரிந்து, மாதா கோயிலில் பூசைக்கு ஒத்தாசை செய்யும் கோயில் பிள்ளை மாதிரி சத்தம் போடாமல் நடப்பார். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றுமில்லை, அடுத்த வீடு.

எங்கள் ஊரில் அப்போது ரொட்டி இரண்டு வகை வீட்டில்தான் நுழையும். பிரெஞ்சு உத்தியோகம் பார்த்த வீடுகளில் அது காலைச் சாப்பாடு. மற்ற வீடுகளில் காய்ச்சல் சாப்பாடு. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போக வேண்டும். யாராவது தெருவில் ரொட்டியோடு நடந்தால் எதிரே வருபவர், "யாருக்கு உடம்பு?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். ஆகவே காய்ச்சல் கண்ட வீட்டில் ரொட்டி மலையாகக் குவியும். காய்ச்சல்காரன் மட்டும் அதை அப்படியே தின்னக் கூடாது. இந்த இடத்தில்தான் சொல்தாவைக் கூப்பிடுவார்கள்.

அவர் வந்ததும் முதல் வேலையாக எல்லா ரொட்டியையும் தொட்டுப் பார்ப்பார். அன்றைக்குச் சுட்டது எதுவும் ஆகாது. நேற்றைய ரொட்டிதான் வேண்டும். விரல் கனத்துக்கு, ஒரே சீராக அறுப்பார். கத்தியை அழுத்தமாட்டார், இழுப்பார். பிறகு குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து, தணல் சிவந்து, மேலே சாம்பல் பூக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊதமாட்டார், விசிறமாட்டார். தணலுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து மனதுக்குள் ஒரு பரலோக மந்திரம், பிதாவுக்கான ஜெபம், சொல்வார். அது முடியும்வரை கை தாங்கினால் சூடு சரி. நடுவிலேயே கையை எடுக்கவேண்டி வந்தால் இன்னும் சாம்பலைத் தள்ளிப் போடுவார். பிறகு கம்பி வலையை வைத்துத் துண்டைப் பரப்புவார். ஒரு பக்கத்துக்கு, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் மூன்று, திருப்பிப்போட்டு மூன்று. அப்புறம் மறுபடியும் முதல் பக்கம். நிறம் சந்தனத்தைத் தாண்டக் கூடாது. கடைசியில் ஒரு துண்டை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பார். சத்தம் வந்தால் உள்ளே ஈரம் இல்லை. வளைந்தால் அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். வெண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது.

"கொஞ்சம் நெய்யாவது தொட்டுக் கொடுங்களேன்" என்று யாராவது கேட்பார்கள்.

"இல்லைங்க."

அவர் அதிகம் பேசிய வார்த்தை அதுதான். பெரியவர், சின்னவர், குழந்தை, யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் மறுப்பார். குரல் உயராது, காரணம் சொல்லமாட்டார், முகத்தில் வருத்தமும் காட்டமாட்டார். அழுதாலும் அதே பதில்தான், அதட்டினாலும் அதே பதில்தான். அவர் மனைவிக்கு ஒருமுறை வயிற்றில் ஆபரேஷன் ஆனது. முடிந்த அன்று அந்த அம்மாள் தண்ணீர் கேட்டிருக்கிறார். தெருவில் அந்தக் கதையை அந்த அம்மாளே நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

"நாக்கு ஒட்டிக்கிச்சு. செத்துப்போயிடுவேன், ஒரு சொட்டு விடுங்கன்னேன். இந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? இல்லைங்கன்னாரு. கட்டின பொண்டாட்டிகிட்ட, சாகக் கிடக்கையில, 'ங்க' போட்டு."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிப்பார். அவர் பிழைத்துக்கொண்டவர், சிரிக்கலாம்.

பிரெஞ்சுக்காரன் போய்க் கொடி மாறியபோது பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் சிலர் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். இந்த அம்மாளுக்கும் போக ஆசை. பெட்டிகூட வாங்கிவிட்டார். அவரிடம் மூன்று நாள் மன்றாடினார். பதிலை நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் அப்புறம் அரிசி போட்டுவைத்தார்கள்.

கல்நெஞ்சுக்காரர் என்று ஊர் சொன்னது. ஆனால் காய்ச்சல் என்றால் அதே ஊர் அவர் வாசலில்தான் போய் நின்றது. அதற்குக் காரணம் மரைக்காயர் வீட்டில் நடந்தது. அந்த வீட்டு மருமகப்பிள்ளை பினாங்கிலிருந்து வந்து இறங்கியதுமே படுத்துவிட்டார். இருபத்தொரு நாள் காய்ச்சல். இப்போது டைபாய்டு என்கிறார்கள். சொல்தாதான் கூட இருந்து பார்த்தார். காய்ச்சல் இறங்கியது. இறங்கிய பிறகு பத்து நாள் கஞ்சித் தண்ணீரும் பார்லித் தண்ணீரும்தான், பதினோராம் நாள் காலை வாட்டிய ரொட்டி என்பது அவர் கணக்கு. சைகோன் ஆஸ்பத்திரியில் அப்படித்தானாம். ஆனால் கல்யாணமாகி முதல் தடவையாக மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. நாலாவது நாளே, "பிள்ளை வாடிப்போச்சே" என்று அந்த மாமியார் புது ரொட்டியைக் கறி ஆணக் குழம்பில் ஊறவைத்து ஊட்டிவிட்டார். மறுநாள் குடலில் ரத்தம் போனது. அதற்கு மறுநாள் மையத்து எடுத்து அடக்கம் செய்தார்கள். சொல்தா போய் வாசலில் நின்றார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாமியாரே ஓடிவந்து, "நீங்க சொன்னீங்களே, நீங்க சொன்னீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சொல் எங்கள் தெருவுக்குச் சட்டமானது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொடி மாறிய மறுவருஷம் எனக்குக் கல்யாணமானது. பிலோமிக்குக் கோட்டுச்சேரிப் பக்கம். நன்றாகச் சாப்பிடுவாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் நமக்கும் பசிக்கும். என் அம்மா இருந்திருந்தால் கண் வைத்திருப்பாள் என்று நான் கேலி செய்வேன். "நீங்க வைக்காம இருந்தாப் போதும்" என்பாள். கல்யாணமாகிப் பதினாலு மாதத்தில் அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது.

டாக்டர் வந்து பார்த்தார், மருந்து கொடுத்தார். பத்தியத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் சொல்கிறபடி கேளுங்கள் என்றார். சொல்தா தன் குமுட்டி அடுப்பையும் கம்பி வலையையும் எங்கள் சமையல்கட்டில் ஒரு மூலையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. அத்தனை நாளும் மூன்று மணி நேரத்துக்கொரு தரம் அவர்தான் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். நான் தூங்கினேன், என் மாமியார் தூங்கினார். அவர் எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன்.

காய்ச்சல் இறங்கிய காலை அவர் நாள்காட்டியில் ஒரு கோடு போட்டார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அழுதோம், சந்தோஷத்தில். பிலோமி கண்ணைத் திறந்து முதலில் கேட்டது சோறு.

"இல்லைங்க" என்றார்.

இரண்டாம் நாளும் கேட்டாள். மூன்றாம் நாள் கெஞ்சினாள். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டி அலமாரி மேல் வரிசையாக இருந்தது. படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதை எடுத்து மறைத்துவைக்கலாமே என்றேன். "வேணாங்க" என்று அவளே தடுத்தாள். ஆறாம் நாள் அவளுக்குக் கோபம் வந்தது. "இவருக்குப் பொண்ணு இருந்தா இப்படிப் பண்ணுவாரா?" என்று அவர் காதில் விழும்படி சொன்னாள். அவர் ஸ்பூனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. எட்டாம் நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கன்னம் உள்ளே போய், கை கிளுவைக் குச்சி மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, பலவீனம்தான், போகப் போகச் சரியாகும் என்றார். லங்கணம் பரம ஔஷதம், பட்டினிதான் பெரிய மருந்து என்று என்னைப் பார்க்க வந்த தலைமையாசிரியரும் சொல்லிவிட்டுப் போனார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் என் மாமியார் மனம் தாங்காமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரை அழைத்துவந்தார். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தையைக் கொடுத்துவிடலாம், கொடுத்தால் சில பேர் எழுந்து உட்காருவதும் உண்டு என்று அவருக்கு நம்பிக்கை. சாமியார் எண்ணெய் பூசினார். பிறகு நன்மை கொடுப்பதற்காக, பூசையில் கொடுக்கும் கோதுமை அப்பத்தை எடுத்தார். நாங்கள் எல்லோரும் முழந்தாளில் இருந்தோம். சொல்தாவும் முழந்தாளில்தான் இருந்தார். இருந்த இடத்திலேயே பேசினார்.

"சாமி, முழுசா வேணாங்க. கால்வாசி போதும்."

சாமியார் திரும்பிப் பார்த்தார். "இது நீ வாட்டுற ரொட்டி இல்லப்பா."

"தெரியுங்க சாமி. குடலுக்குத் தெரியாதுங்க."

என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டார். சாமியார் அப்பத்தைப் பிட்டு, மிகச் சிறிய துணுக்கை ஒரு ஸ்பூன் தண்ணீரில் வைத்துக் கொடுத்தார். பிலோமி அதை விழுங்கவே இல்லை. நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். பக்தி என்று சாமியார் நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், அவள் அதைத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அவர் குளிக்கத் தன் வீட்டுக்குப் போனார். மாமியார் அசந்துவிட்டார். நான் சமையல்கட்டில் பாலைச் சுடவைத்து, அலமாரி மேலிருந்த ரொட்டியில் புதிதாக வந்ததை எடுத்து, நடுவிலிருந்து மெத்தென்ற பகுதியைக் கிள்ளி அதில் ஊறவைத்தேன். கிண்ணத்தோடு கட்டிலுக்குப் போனேன். வாசனை பிடித்து அவள் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். அந்த ஒன்பது நாளில் அப்போதுதான் சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

ஸ்பூன் என் கையில் இருந்தது. மரைக்காயர் வீட்டு மாமியார் தலையில் அடித்துக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. கை பாதி வழியில் நின்றுவிட்டது. யாரும் தடுக்கவில்லை. அவர் அங்கே இல்லை. நானேதான் நிறுத்தினேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சரி, வேணாம். நாளன்னிக்கு அவரே தருவாரு." வாயை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "கிண்ணத்தை எடுத்துட்டுப் போயிடாதீங்க. தலைமாட்டுல வைங்க. மோந்துக்கிட்டாவது இருக்கேன்" என்றாள்.

வைத்தேன். அவர் குளித்துவிட்டு வந்தார். தலைமாட்டில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அது குறையாமல் இருப்பதையும் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் விடிந்து கோயில் மணி அடிக்கிற நேரத்தில் பிலோமி இறந்துபோனாள். காய்ச்சல் இல்லை, ரத்தம் போகவில்லை, வலி என்று சொல்லவில்லை. டாக்டர் வந்து, இருதயம் தளர்ந்துவிட்டது என்றார். அன்று சாயங்காலமே அடக்கம்.

பல வருஷம் கழித்து, என் இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த மகளுக்கு இதே காய்ச்சல் வந்தது. ஒரு சின்ன வயது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "பசிச்சா நல்லா சாப்பிடக் கொடுங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க, சார்" என்றார். முன்பெல்லாம் பட்டினி போடுவார்களே என்று கேட்டேன். "அதுலயே நெறைய பேர் போயிருப்பாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்தா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேனா என்று யோசித்தேன். பிடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பிடித்த கை எவ்வளவு நேரம் அங்கே இருந்திருக்கும் என்று தெரியவில்லை. மரைக்காயர் வீட்டு மருமகன் சாப்பிட்டுச் செத்தான், என் மனைவி சாப்பிடாமல் செத்தாள். இந்த இரண்டையும் வைத்து நான் போடாத கணக்கில்லை. கணக்கு வாத்தியாருக்கே விடை வரவில்லை.

பிலோமிக்குப் பிறகும் அவரைக் காய்ச்சல் வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். போனார். ரொட்டியை அதேபோலத்தான் வாட்டினார். ஆனால் நோயாளி எதையாவது கேட்டால், "டாக்டரைக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். "ஆளே மாறிட்டாரு. என்கிட்டகூட இப்ப எதையும் மறுக்கறதில்ல" என்றார். அந்த அம்மாள் அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் காலையைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் மற்றதையெல்லாம் எழுதினேன் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாடு வரும். எனக்கும் வந்தது, நான் தொடவில்லை. அவள் இறந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காய்ச்சல் இறங்கிய கணக்கில் அது பதினோராம் நாள். கரி பற்றுகிற வாசனை வந்து சமையல்கட்டுக்குப் போனேன். சொல்தா தன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் ரொட்டியை அறுத்து வைத்திருந்தார், தணலில் சாம்பல் பூப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். என் மாமியார் கதவோரத்தில் நின்று பார்த்தார். துக்க வீட்டில் நெருப்பு மூட்டியதற்கு அவர் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் தணலுக்கு மேல் கையைப் பிடித்தார். உதடு அசைந்தது. துண்டுகளைப் பரப்பினார்.

"அவ கேட்டப்பக் கொடுத்திருக்கலாம்ல, பெரியப்பா?" என்றேன்.

அவர் துண்டுகளைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொன்றாக, நான்கையும். மூன்று மந்திரத்துக்கான நேரம் போயிற்று.

"கொடுத்திருக்கலாங்க" என்றார். "எனக்குத் தெரியலைங்க."

அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. கை மட்டும் கம்பி வலையைப் பிடிக்க இரண்டு தடவை தேடியது. ஒரு துண்டைக் காதருகே வைத்து ஒடித்தார். நான்கையும் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க."

தட்டைத் தூக்கி அவர் மேல் எறிய வேண்டும் என்றுதான் கையில் எடுத்தேன். ஆனால் எனக்குப் பசித்தது. இதை நான் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பிலோமியைப் புதைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, எனக்கு அப்படிப் பசித்தது. ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்தேன். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மாமியார் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. நான்கு துண்டையும் தின்றேன், தட்டில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றித் தின்றேன்.

"இன்னும் வேணும்" என்றேன்.

அவர் கத்தியை எடுத்து ரொட்டியை அறுக்க ஆரம்பித்தார்.